கோட்டு வாங்கி வைத்த வூலா

வூலா ஸ்டாமூலிஸ் இருபத்தாறு வருஷம் ஃபர்னஸ் கிளப்புக்கு ஆட வருகிறவர்களின் கோட்டை வாங்கி மாட்டி வைத்தாள். அத்தனை வருஷத்தில் அங்கே போட்ட ஒரு பாட்டுக்காவது அவள் தலையாட்டி யாரும் பார்த்ததில்லை.

மெல்பர்னில் காலிங்வுட் பக்கம், டிராம் போகிற தெருவிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருந்தது ஃபர்னஸ். ஒரு காலத்தில் கொதிகலன் செய்த தொழிற்சாலை. ரஸ்ஸல் டைக் என்பவன் அதை வாங்கி, சுவருக்குக் கறுப்பு பூசி, ஆள் உயர ஒலிபெருக்கிகளை நிறுத்தி, நடனக் கிளப் ஆக்கினான். படியிறங்கியதும் இடது கைப்பக்கம் கோட்டறை. அறை என்பது மரியாதைக்குச் சொல்வது; முன்பு கரி கொட்டி வைத்த பொந்து அது. நானூறு கொக்கி, ஒரு முக்காலி, பாதி நேரம் வேலை செய்யாத ஹீட்டர், நடுவில் வூலா.

தொண்ணூற்றிரண்டில், இருபத்திரண்டு வயதில், ஒரு குளிர்காலத்துக்கு மட்டும் என்று வந்தவள். ஓக்லீயில் அவளுடைய அப்பா மீன் வறுத்து விற்கிற கடை வைத்திருந்தார். அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. அண்ணன் ராத்திரிதான் வீட்டில் இருப்பான். பகலில் அம்மாவோடு இருக்க ஓர் ஆள் வேண்டும். அதனால் வூலாவுக்கு ராத்திரி வேலை. அம்மா பதினோரு வருஷம் உயிரைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். அவள் போன பிறகாவது வூலா வேறு வேலை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. கேட்டால், "எங்க போனாலும் மனுஷங்கதானே இருக்காங்க" என்பாள்.

மனுஷங்களைப் பற்றி அவளுக்கு நல்ல அபிப்பிராயம் இல்லாமல் போனதற்கு அந்தப் பொந்து ஒரு காரணம். ஜூலை மாதக் குளிரில், முதுகு முழுக்கத் திறந்த உடுப்போடு, உதடு நீலம் பாரித்து, முக்கால் மணி நேரம் வரிசையில் நடுங்கிவிட்டு வருவார்கள் பெண்கள். கோட்டு எங்கே என்றால், கோட்டு போட்டால் உடுப்பு தெரியாதாம். ஆண்கள் இன்னொரு ரகம். "பாத்து மாட்டுங்க, இத்தாலி கோட்டு" என்பான் ஒருவன். வூலா காலரைப் புரட்டி உள்ளே தைத்திருக்கும் சீட்டைப் படிப்பாள். அதில் வேறு ஏதாவது நாட்டின் பெயர் இருக்கும். "இத்தாலி இடம் மாறிடுச்சு போல" என்று சொல்லி மாட்டுவாள். அவன் அதைக் காதில் வாங்கமாட்டான். உள்ளே போட்டிருக்கிற சத்தத்தில் கடவுளே வந்து பேசினாலும் கேட்காது.

அந்தச் சத்தம் அவளுடைய இடது காதை வருஷம் வருஷமாகத் தின்றுகொண்டு வந்தது. பாட்டுப் போடுகிற டிஜேக்களுக்கு அளவெடுத்துச் செய்த காதடைப்பு உண்டு. வூலாவுக்குப் பஞ்சு. அதுவும் அவள் வீட்டிலிருந்து கொண்டுவருகிற பஞ்சு.

பேச்சுத் துணைக்கு ஒரே ஒருவன்தான். வாசலில் நிற்கிற காவல்காரன் செமிசி. டோங்கா தீவுக்காரன், அவளைவிட ஆறு வயது இளையவன். ஆறடி நாலங்குலம். சனிக்கிழமை ராத்திரி குடிகாரர்களைச் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி நடைபாதையில் வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சில் அடிக்குரலில் பாடுகிறவன். கூட்டம் குறைந்த நேரத்தில் கோட்டறை ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, மனைவி கட்டிக்கொடுத்த சேப்பங்கிழங்கைச் சாப்பிடுவான். வூலா பூசணி விதை கொறிப்பாள்.

"அக்கா, இன்னைக்கு ஒருத்தன் 'நான் யாருன்னு தெரியுமா'ன்னு கேட்டான்" என்பான் செமிசி.

"நீ என்ன சொன்னே?"

"தெரியல, பர்ஸுல பேரு இருக்கான்னு பாருங்கன்னேன். நிஜமாவே எடுத்துப் பார்த்தான்க்கா."

இப்படி வந்து போனவர்களில் வூலாவுக்கு முகம் மறக்காதவன் டூகல் ப்ரெண்டிஸ். தொண்ணூற்று நாலில் பச்சை நிறப் பஞ்சுக் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு முதன்முதலில் வந்தான். விளம்பரக் கம்பெனியில் வேலை. சனிக்கிழமை தவறாமல் வருவான். தன்னைத் தானே 'ஃபர்னஸின் மேயர்' என்று சொல்லிக்கொள்வான்; யாரும் தேர்தல் வைத்ததாகத் தெரியவில்லை. நடுக்கூடத்தில் சட்டையைக் கழற்றித் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டு, டிஜேயைப் பார்த்து, "ஏத்து! இன்னும் ஏத்துடா!" என்று தொண்டை கிழியக் கத்துவான். சத்தம் ஏறும். பொந்துக்குள் கொக்கிகள் கிணுகிணுக்கும். வூலா இன்னும் கொஞ்சம் பஞ்சை உள்ளே திணித்துக்கொள்வாள்.

தொண்ணூற்றொன்பதில் ஒரு நாள் அதே டூகல் எதையோ விழுங்கிவிட்டுப் படியோரத்தில் சரிந்தான். உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. அவனோடு வந்த சிநேகிதர்கள் சிரித்துக்கொண்டே தாண்டிப் போனார்கள். செமிசிதான் அவனை அள்ளிக்கொண்டு வந்து கோட்டறையில் போட்டான். வூலா கோட்டுகளை உருவித் தரையில் விரித்து, அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் அடைத்திருந்த வாந்தியை விரலை விட்டு வழித்து எடுத்தாள். ஆம்புலன்ஸ் வரப் பதினெட்டு நிமிஷம். அவ்வளவு நேரமும் அவன் தாடையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். உள்ளே பாட்டு நிற்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அவன் வந்தான். நன்றி சொல்ல வருகிறான் என்று அவள் ஒரு நிமிஷம் நினைத்துவிட்டாள்.

"டார்லிங், என் பச்சைக் கோட்டு நாறுது. கை முழுக்க ஏதோ காஞ்சு கெடக்கு. நீங்க என்ன பண்ணி வச்சீங்க?"

வூலா அவனையே பார்த்தாள். "நாங்க ஒண்ணும் பண்ணல. அது உங்ககூடவே வந்தது" என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை. ஏதோ முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனான். அடுத்த பாட்டில் "ஏத்துடா!" என்ற குரல் கேட்டது.

பிறகு அவனுக்குக் கல்யாணம் ஆகி, விவாகரத்து ஆகி, தலை வழுக்கையாகி, வருகை குறைந்து, ஒரு கட்டத்தில் நின்றுபோயிற்று. வூலா அவனை மறக்கவுமில்லை, தேடவுமில்லை.

இதற்குள் ஊரின் ருசி மாறிவிட்டது. இருட்டில் வேர்த்து ஆடுவது பழசாகி, மொட்டைமாடியில் உட்கார்ந்து காக்டெய்ல் குடிப்பது புதுசாயிற்று. ரஸ்ஸல் டைக்கும் அறுபது வயதில், குடுமியும் ஒற்றைக் கடுக்கனுமாக, ஃபர்னஸின் கூரைமேல் காக்டெய்ல் பார் ஒன்று திறந்தான். மீசையை முறுக்கி, தோள்பட்டை வார் போட்ட பையன்கள் அங்கே மது கலந்தார்கள். ஆபரேஷன் பண்ணுகிற டாக்டருக்குக்கூட முகம் அவ்வளவு இறுகியிருக்காது. ஒரு செடியின் குச்சியைக் கொளுத்தி, கண்ணாடிக் கவிகைக்குள் புகையை அடைத்து, மேஜையில் கொண்டுவந்து திறப்பார்கள். சுற்றியிருப்பவர்கள் ஆவென்று வாய் பிளந்து படம் எடுப்பார்கள். புகை போனபிறகு பார்த்தால் முக்கால் கிளாஸ் ஐஸ். அடியில் இருமல் மருந்து அளவுக்கு ஏதோ கிடக்கும்.

"எங்கப்பா மீன் வறுக்குறப்போ இதைவிட நல்லாப் புகை வரும்" என்றாள் வூலா. "ஒருத்தன் கைதட்டல."

மொட்டைமாடியில் ஒலிபெருக்கி வைத்தால் சத்தம் சுவருக்குள் அடங்குமா? சந்தெல்லாம் கொட்டியது. பக்கத்தில் இருந்த பழைய மாவு மில்லை அடுக்குமாடி வீடுகளாக மாற்றி விற்றிருந்தார்கள். 'நகரத்தின் இதயத்துடிப்புக்கு நடுவே வாழுங்கள்' என்று விளம்பரம். அதை நம்பி வாங்கியவர்கள் இதயம் துடிக்கிற சத்தம் கேட்டதும் நகராட்சிக்கு மனு எழுதத் தொடங்கினார்கள்.

ஒரு வியாழக்கிழமை பிற்பகல். யாரும் திரும்பி வந்து கேட்காத கோட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள் வூலா. வருஷத்துக்கு ஐம்பது அறுபது அப்படி நின்றுபோகும். செமிசி தன் சர்ச்சுக்கு எடுத்துப்போவான். வாசலில் நிழல் தட்டியது. நிமிர்ந்தால், நாயோடு ஒருவன். ஒல்லியான வேட்டைநாய். அதற்கும் ஒரு கோட்டு, கட்டம் போட்ட கம்பளியில். பிடித்திருந்தவன் டூகல் ப்ரெண்டிஸ்.

"ஹலோ, நீங்க இங்க வேலை செய்றவங்களா?" என்றான். "என் பேரு டூகல். பக்கத்துக் கட்டடத்துல மூணாவது மாடி."

அவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. வூலாவுக்கு ஆச்சரியம் இல்லை. கோட்டு கொடுக்கிறவன் யார்தான் வாங்குகிறவளின் முகத்தைப் பார்க்கிறான்?

"சொல்லுங்க."

"நாங்க குடியிருக்கிறவங்க எல்லாரும் சேர்ந்து தீர்ப்பாயத்துக்குப் போறோம். தூங்க முடியல. எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குது. ப்ரூனோ பாவம், குளியல் தொட்டியில போய் ஒளிஞ்சுக்கிறான்." ப்ரூனோ என்பது நாய். "நீங்க எத்தனை வருஷமா இருக்கீங்க?"

"ரொம்ப வருஷம்."

"அப்போ உங்க காதும் போயிருக்கும்ல? அதைத்தான் நீங்க வந்து சொல்லணும். பாதிக்கப்பட்ட தொழிலாளி. நடுவர் மனசு உருகிடும்." அவன் குரலைத் தாழ்த்தினான். "உங்களை மாதிரி குரல் இல்லாதவங்களுக்காகவும்தான் நாங்க இதைப் பண்றோம்."

"இந்தச் சத்தம் உங்களுக்கு எப்பவுமே ஆகாதா?"

"அநாகரிகம்ங்க. சின்ன வயசுல நானும் ஒண்ணு ரெண்டு தடவை எட்டிப் பாத்திருக்கேன். மனுஷன் இருக்கிற இடமா இது?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவன் ஆடித் தீர்த்துவிட்டு, கூடமே இருக்கக் கூடாது என்கிறான். வூலா அவன் நீட்டிய அட்டையை வாங்கிக்கொண்டாள். "வரேன். நடந்ததைச் சொல்றேன்" என்றாள். அவன் அவளுடைய தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

மறுநாளே ரஸ்ஸல் கூப்பிட்டு அனுப்பினான். மேலே அவன் அலுவலகத்துக்கு வூலா போவது அதுவே நாலாவதோ ஐந்தாவதோ தடவை.

"வூல்ஸ்!" என்று எழுந்து கட்டிக்கொண்டான். "உன்னைத்தான் நினைச்சுட்டே இருந்தேன். நம்ம குடும்பத்தை அழிக்கப் பாக்குறாங்க. நீ வந்து பேசணும். இருபது வருஷமா உழைச்சவ."

"இருபத்தாறு."

"அதைத்தான் சொல்றேன். நடுவர் முன்னால லேசா கண் கலங்கினா நல்லாருக்கும். இது உனக்குக் கோயில் மாதிரின்னு சொல்லு."

"கோயில்ல ஹீட்டர் வேலை செய்யும் ரஸ்ஸல்" என்றாள். அவன் ஹஹ்ஹா என்று சிரித்து, முதுகில் தட்டி அனுப்பினான். ஒரே வாரத்தில் இரண்டு பேர் தட்டிவிட்டார்கள்.

அடுத்த சில நாட்களில் 'ஃபர்னஸைக் காப்போம்' என்று பனியன் அச்சாகி வந்தது. மொட்டைமாடியில் அதே பெயரில் ஒரு காக்டெய்ல், சிவப்பு நிறத்தில். பிள்ளை பிறந்த நாளிலிருந்து இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள் எல்லாம் பனியனைப் போட்டுக்கொண்டு ஞாயிறு மத்தியானம் சந்தில் ஊர்வலம் வந்தார்கள். ஒருவன் ஒலிபெருக்கியில், இந்த இடம் தன் ஆன்மா என்று பேசினான். ஆன்மாவை எட்டு வருஷமாக வந்து பார்க்காதவன். பேச்சு முடிந்ததும் நாலு மணிக்குக் குழந்தைக்கு நீச்சல் வகுப்பு என்று எல்லாரும் கலைந்தார்கள்.

வூலாவும் செமிசியும் எதிர்த் திண்டில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே அதைப் பார்த்தார்கள்.

"அக்கா, ஒரு விஷயம்" என்றான் செமிசி. "என் மச்சினன் நிலம் அளக்கிற கம்பெனியில இருக்கான்ல. போன மாசம் இங்க வந்து அளந்திருக்காங்க. ரஸ்ஸல் இந்தக் கட்டடத்தை வித்துட்டான்."

"யாருக்கு?"

"அடுக்குமாடி கட்றவனுக்கு. பேச்சு முடிஞ்சு கையெழுத்தும் ஆயிடுச்சு."

வூலா காப்பியைக் கீழே வைத்தாள். "அப்ப இந்தப் பனியன்?"

"தானா வித்தான்னா ஊரே காறித் துப்பும். கேஸ்ல தோத்து மூடினான்னா? சட்டம் என்னைக் கொன்னுடுச்சுன்னு அழலாம், பத்திரிகையில படம் வரும். அவனுக்கு ஜெயிக்க வேண்டாம்க்கா. நல்லா அழுதுட்டுத் தோக்கணும். அதுக்குத்தான் நீ."

வூலா அந்த ஊர்வலத்திலிருந்து தொடங்கி, டூகல், அவன் நாய், ரஸ்ஸலின் குடுமி, மீசைக்காரப் பையன்கள் என்று ஒருவர் விடாமல் வைது தீர்த்தாள். செமிசி குறுக்கே பேசாமல் கேட்டான்.

"முடிஞ்சுதா?" என்றான். "நான் ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே? உனக்கு இவங்களை இவ்வளவு ஆகாதுன்னா, அம்மா போன அன்னைக்கே நீயும் போயிருக்கணும். பதினஞ்சு வருஷமாச்சு. மத்தவங்களைக் கேவலமாப் பாக்குறதுக்கு இதைவிட வசதியான முக்காலி வேற எங்கயும் கெடைக்காதுன்னுதான் உக்காந்துட்டே."

வூலாவுக்குச் சுருக்கென்றது. எழுந்து போய்விடலாமா என்று பார்த்தாள். அவன் முகத்தில் கேலி இல்லை. அன்று டிராமில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதே பேச்சு அந்த நல்ல காதில் ஓடிக்கொண்டிருந்தது. ஊரில் உள்ளவர்கள் அத்தனை பேரும் அற்பர்கள் என்றே வைத்துக்கொண்டாலும், அற்பர்களின் கோட்டுக்குக் காவலிருந்தவள் யார்?

விசாரணை ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. தீர்ப்பாயம் என்றால் உயரமான மேடையும் சுத்தியலும் இருக்கும் என்று நினைத்திருந்தாள். போனால் ஒன்பதாவது மாடியில் சின்ன அறை, நீல நிறக் கம்பளம், தண்ணீர் ஜாடி. நடுவர் ஓர் அம்மாள். மூக்குக் கண்ணாடி சங்கிலியில் தொங்கியது. சளி பிடித்திருந்தது அவருக்கு. ஒரு பக்கம் டூகல், சாம்பல் நிற சூட்டில். மறுபக்கம் ரஸ்ஸல், துக்கவீட்டுக்கு வந்தவன் மாதிரி கறுப்புச் சட்டையில். இரண்டு பேரும் வூலாவைப் பார்த்துப் புன்னகை செய்தார்கள். இரண்டு பேரும் அவள் தங்கள் சாட்சி என்று நம்பினார்கள்.

"ஸ்டாமூலிஸ் அம்மா, சத்தம் எப்படி இருக்கும்னு சொல்லுங்க" என்றார் நடுவர்.

"தாங்க முடியாதுங்க. என் இடது காது போச்சு. இந்தப் பக்கம் நீங்க பேசினா எனக்குக் கேக்காது."

டூகல் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஆனா அதை இவ்வளவு ஏத்தச் சொன்னவங்கள்ல முக்கியமானவர் இதோ இவர்தான்" என்று அவனைக் காட்டினாள். "பத்து வருஷம் சனிக்கிழமை தவறாம வந்தார். சட்டையைச் சுத்திக்கிட்டு 'ஏத்துடா, ஏத்துடா'ன்னு கத்துவார்."

"என்ன உளறல் இது? நான் இந்தம்மாவைப் போன மாசம்தான் முதல்தடவை பாத்தேன்" என்றான் டூகல்.

"பச்சைப் பஞ்சுக் கோட்டு. இடது பையில சிகரெட்டு சுட்ட ஓட்டை. அப்புறம் கல்யாணம் ஆன வருஷம் பழுப்புக் கம்பளிக் கோட்டு, அதுல நடுப் பொத்தான் இருக்காது. தொண்ணூத்தொம்பதுல படிக்கட்டுல விழுந்து கெடந்தீங்க. உங்க வாயில அடைச்சதை நான்தான் வழிச்சு எடுத்தேன். ஆம்புலன்ஸ்காரங்க குறிப்பு வச்சிருப்பாங்க, வேணும்னா கேட்டுக்கங்க."

டூகலின் கழுத்திலிருந்து சிவப்பு மேலே ஏறியது. அவன் வாயைத் திறந்தான். பச்சைக் கோட்டு அவனுக்கு நினைவு வந்துவிட்டது. அது முகத்திலேயே தெரிந்தது. இவள் யார் என்பது மட்டும் இன்னும் வரவில்லை.

நடுவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "மனுதாரர் எப்படி இளமையைக் கழிச்சார்ங்கிறது இங்க கேள்வி இல்லை அம்மா. கூரைமேல சத்தம் வெளியே போகாம தடுப்பு வச்சிருக்கிறதா உரிமையாளர் சொல்றார். உண்மையா?"

"பிளாஸ்டிக் செடி வச்சிருக்கார். பத்துத் தொட்டி."

"வூல்ஸ்..." என்றான் ரஸ்ஸல், பல்லைக் கடித்து.

"கீழ் தளத்துச் சத்தம் வெளியே கேக்குமா?"

"கதவு சாத்தினா கேக்காது. பழைய கொதிகலன் சுவர், முழ அகலம். உள்ள இருக்கிறவங்களுக்குத்தான் கேடு. வெளியே போறதெல்லாம் மாடியில இருந்துதான். அதை நிறுத்தினா போதும். ஆனா ரஸ்ஸல் நிறுத்தமாட்டார். அவருக்கு இந்தக் கேஸ் தோக்கணும். கட்டடத்தை ஏற்கெனவே வித்தாச்சு."

பின்வரிசையில் பனியன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரஸ்ஸலின் வக்கீல், அது இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்றார். "சம்பந்தமில்லைதான்" என்று நடுவரும் ஒத்துக்கொண்டார். ஆனால் பொய் என்று யாரும் சொல்லவில்லை. ரஸ்ஸல் கடுக்கனைத் திருகிக்கொண்டே ஜன்னலைப் பார்த்தான்.

இரண்டு வாரத்தில் தீர்ப்பு வந்தது. மொட்டைமாடியில் ஒலிபெருக்கி கூடாது. கீழ் தளத்தில் கிளப் வழக்கம்போல் நடக்கலாம், வீடு வாங்கியவர்களுக்கு முன்பே அது அங்கே இருக்கிறது. டூகலுக்குப் பாதி வெற்றி. ரஸ்ஸலுக்குத்தான் வம்பு: மூட வேண்டிய கட்டாயம் இல்லாமல் போயிற்று. ஆனாலும் நவம்பரில் மூடினான். 'கனத்த இதயத்தோடு' என்று நீளமாக ஓர் அறிக்கை விட்டான். கீழே பின்னூட்டம் போட்டவர்கள் அவனுடைய குடுமி முதல் குலம் வரை விசாரித்தார்கள்.

வூலாவுக்கு வேலை போனது விசாரணைக்கு மறுநாளே. நேரில் சொல்லவில்லை, கூப்பிட்டும் சொல்லவில்லை. செல்போனில் ஒரு செய்தி: 'நம் பாதைகள் பிரிகின்றன, எல்லாவற்றுக்கும் நன்றி.' கூடவே ஒரு சிரித்த முகம். இருபத்தாறு வருஷத்துக்கு ஒரு சிரித்த முகம். அவள் அதைப் பல தடவை படித்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வந்தது கோபமில்லை, ஒருவிதக் கூச்சம். இவனிடம் இதைவிட மேலாக எதையோ எதிர்பார்த்திருக்கிறோமே என்ற கூச்சம்.

கடைசி ராத்திரிக்குச் சீட்டு அடித்து விற்றார்கள். எண்ணூறு பேர் வந்து அழுதார்களாம். போகிற போக்கில் கோட்டறைக் கொக்கிகளை நினைவுப்பொருள் என்று திருகிப் பிடுங்கிக்கொண்டும் போனார்களாம். செமிசிதான் வந்து சொன்னான்.

"நீ தடுக்கலியா?" என்றாள் வூலா.

"எதுக்கு? ஒவ்வொருத்தனும் கோட்டறைக்குத் தர வேண்டிய மூணு டாலரை மிச்சம் பிடிக்க, கோட்டைக் கக்கத்துல இடுக்கிட்டு ஆடினவன். அந்தக் கொக்கியை அவன் தொட்டதே அன்னைக்குத்தான்."

வூலா சிரித்தாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

ராத்திரித் தூக்கத்தைப் பழக அவளுக்குக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் பிடித்தது. காது டாக்டர் ஒரு கருவி மாட்டிவிட்டார். அதைப் போட்டுக்கொண்டு முதல் நாள் வெளியே வந்தபோது, தன் செருப்புச் சத்தம் கேட்டு யாரோ பின்னால் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். ஓக்லீயில் ஒரு பள்ளிக்கூட வாசலில், பிள்ளைகள் சாலை கடக்கும்போது 'நில்' என்ற பலகையைப் பிடித்து வண்டிகளை நிறுத்துகிற வேலை கிடைத்தது. காலையில் ஒரு மணி நேரம், பிற்பகலில் ஒரு மணி நேரம்.

டூகல் அங்கேதான் இருக்கிறான். ஃபர்னஸை இடித்த இடத்தில் பன்னிரண்டு மாடி எழும்புகிறது. காலை ஏழு மணிக்குப் பாறை உடைக்கிற எந்திரம் தொடங்கும். கட்டி முடித்தால் அவன் ஜன்னலுக்கு எதிரே வெறும் சுவர்தான் இருக்கும் என்றான் செமிசியின் மச்சினன். வூலா அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டாள். சந்தோஷப்பட்டதற்காக வெட்கப்படவும் இல்லை.

செமிசி இப்போது விமான நிலையத்தில் காவல் வேலையில் இருக்கிறான். மாதம் ஒருமுறையாவது கூப்பிடுவான்.

"எப்படிக்கா இருக்கு பள்ளிக்கூடம்?"

"பெத்தவங்க இருக்காங்களே, சகிக்க முடியாத கூட்டம். ரெண்டு தெரு தள்ளி வீடு. அதுக்கு லாரி அளவுல ஒரு காரு."

"ஆரம்பிச்சுட்டியா?"

"பிள்ளைங்க பரவால்லடா" என்றாள் வூலா. "போறப்போ என் பேரைச் சொல்லி காலை வணக்கம் சொல்லுதுங்க."

செமிசிக்குப் பின்னால் விமான அறிவிப்பு ஒன்று ஓடி முடிந்தது. "சரி, ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா, சாப்பாடு இருக்கு" என்றான். வூலா, பஸ் நேரத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள்.